சுக்கிர ஓரையில் ஒரு பாஸ்வேர்டு

அத்தியாயம் 11

'பாக்கலாம்' என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. நிச்சயம் ஒரு புருஷனாகத்தான் இருக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை இர்பானா, "மச்சான், மஹால் கம்ப்யூட்டர்ல எனக்குன்னு ஒரு லாகின் போட்டுக் குடுங்களேன்" என்று வாய்விட்டுக் கேட்டாள் அல்லவா? அதற்கு அவள் புருஷன் நூருல் அமீன் தாடியைத் தடவிக்கொண்டு சொன்ன பதில் அதுதான். ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறான். கம்ப்யூட்டரை அல்ல, கிரிக்கெட்டை.

அவனை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. மெஹர் மஹால் என்பது மாமனார் கமருதீன் பாய் தன் மனைவி மெஹர் நிஷா பேரில் வில்லியனூர் மெயின் ரோட்டில் கட்டிய கல்யாண மண்டபம். முன்னால் மண்டபம், பின்னால் வீடு, நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் ரூம். அந்த ரூமில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் போன தை மாசம் குடும்பத்தின் மானத்தை வாங்கியது.

அப்போது மேனேஜர், கிளார்க், கமருதீன் பாய், நூருல் அமீன் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யாரோ ஒருவர் ஒரு தேதியை நகர்த்தி வைக்க, ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மாப்பிள்ளைகள், இரண்டு பேண்டு வாத்தியத்தோடு வாசலில் நேருக்கு நேர் வந்து நின்றார்கள். கமருதீன் பாய் இரண்டு பெண் வீட்டாருக்கும் முன்னால் கைகூப்பி நின்றார். மாற்றியது யார் என்று தேடினால் கம்ப்யூட்டர் 'அட்மின்' என்றது. அட்மின் என்ற பேரில் எந்தத் தாயும் பிள்ளை பெறவில்லை. கடைசி வரைக்கும் ஆள் அகப்படவில்லை.

அன்றைக்கே நூருல் அமீன் எல்லா அதிகாரத்தையும் தன் ஒருவன் பேருக்கு மாற்றிக்கொண்டான். மற்றவர்கள் காலண்டரைப் பார்க்கலாம். அவ்வளவுதான். தேதி கொடுப்பது, நிறுத்தி வைப்பது, நகர்த்துவது, ரசீது அடிப்பது எல்லாம் அவன் மட்டும். "மனுஷன் பொய் சொல்வான் அத்தா, கம்ப்யூட்டர் சொல்லாது. இனிமே யார் பேர் இருக்கோ அவன்தான் பண்ணான்" என்று தகப்பனிடம் பெருமையாகச் சொன்னான்.

அந்தப் பெருமைக்கு இன்றைக்குத்தான் சோதனை வந்தது.

* * *

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஆண்கள் இருவரும் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார்கள். கமருதீன் பாய் அத்தர் பூசிக்கொண்டு முதலில் போனார். அவருக்கு முன் வரிசைதான் வேண்டும். நூருல் அமீன் தொப்பியைத் தேடி, செருப்பைத் தேடி, கடைசியாக ஓடினான். மாமியாரும் மருமகளும் ஆபீஸ் ரூமில் வந்து உட்கார்ந்தார்கள். வாராவாரம் நடப்பதுதான்.

ஒரு மணி அடித்ததும் வாசலில் ஒரு கார் நின்றது.

முதலில் இறங்கியவர் சண்முகசுந்தரம். கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர், பாய்க்கு நெடுநாளைய சிநேகிதர். பின்னால் மூன்று பேர், வெற்றிலை பாக்குத் தட்டோடு.

"வாங்கண்ணே" என்று எழுந்தார் மெஹர் நிஷா. "இன்னா திடீர்னு?"

"நிவேதா கல்யாணம்தாம்மா. பாண்டியில பேசின மண்டபம் கைவிட்டுப் போச்சு. சமையக்கட்டு கூரைய இடிச்சிக் கட்றாங்களாம், கல்யாணத்துக்குள்ள முடியாதுன்னு இன்னிக்குக் காலையில போன் பண்றாங்க." சண்முகசுந்தரம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஆவணி, வளர்பிறை, ஞாயித்துக்கிழமை. உங்க மஹால்ல இருக்கா?"

"அந்த நாளா? அது நல்ல முகூர்த்தமாச்சே" என்றார் மெஹர் நிஷா. ஐந்து வேளை தொழுகிற அந்த அம்மாளுக்கு இந்த வருஷத்து முகூர்த்த நாளெல்லாம் பஞ்சாங்கம் பார்க்காமலேயே தெரியும். மண்டபம் வைத்திருப்பவர் பிழைப்பு அப்படி.

கூட வந்தவர்களில் வாட்டசாட்டமாக இருந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா, விழுப்புரத்துக்காரர். அவர் உட்காரவில்லை. "இப்ப ஒன்னுலேர்ந்து ரெண்டு சுக்கிர ஓரை. கல்யாண காரியத்துக்கு இத வுட்டா வேற நேரம் கிடையாது. அதான் இங்க வர்றதுக்கு இந்த நேரம் பாத்தோம். விழுப்புரத்துலயும் ஒரு மண்டபம் பேசி வெச்சிருக்கேன். ஒன்னரை வரைக்கும்தான் எனக்காக வெச்சிருப்பாரு. இங்க இல்லன்னா அங்கயே முடிச்சிடுவோம், சம்பந்தி."

சண்முகசுந்தரத்தின் முகம் வாடியது. ஏன் வாடியது என்று இர்பானாவுக்குத் தெரியும். நிவேதாவின் அம்மா கோகிலாம்பாளுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி இப்போதுதான் வாக்கர் பிடித்து நடக்கிறார். விழுப்புரத்தில் கல்யாணம் என்றால் அந்தம்மாள் வண்டியில் ஏறி இறங்கிப் பெண்ணுக்குத் தாலி ஏறுவதைப் பார்ப்பது நடக்காத காரியம். பாண்டிக்கே எப்படிக் கூட்டிப்போவது என்று நிவேதா நேற்றுகூடப் புலம்பினாள்: "எங்கம்மா நடந்து வர்ற தூரத்துல கல்யாணம் நடந்தாப் போதும்டி, வேற எதுவும் எனக்கு வாணாம்." காரைக்காலிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது இர்பானாவுக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான். பின்னால் உட்கார்ந்து ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

இர்பானா காலண்டரைத் திறந்தாள். ஆவணி ஞாயிறு சாம்பல் கட்டமாக இருந்தது. 'பிளாக். டைனிங் ஹால் பெயிண்ட் வேலை.'

அடப்பாவி மனுஷா! பெயிண்ட் வேலையை முன்கூட்டியே போன வாரம் முடித்துவிட்டார்கள். நூருல் அமீன் பிளாக்கை எடுக்க மறந்திருக்கிறான். தேதி காலி. ஆனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பூட்டு.

"இருக்குங்க" என்றாள். "ஆனா… அவரு வந்துதான் போடணும்."

"கூப்புடும்மா."

கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மாமனாருக்கும் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். பள்ளிவாசலில் போனை அணைத்து வைப்பதில் அப்பாவும் பிள்ளையும் ஒற்றுமை.

"தேதி காலிதான்னா, வாய்வார்த்தையா குடுத்துடுங்களேன்" என்றார் சண்முகசுந்தரம்.

மெஹர் நிஷா தலையை ஆட்டினார். "தை மாசத்துக்கு அப்பால வாய்வார்த்தையே கிடையாதுன்னு அவுக சொல்லிட்டாங்கண்ணே. ரசீது இருந்தாத்தான் தேதி."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கல பாரு" என்று சிரித்தார் சித்தப்பா. போனைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப நான் விழுப்புரத்துக்குச் சொல்லிடறேன்."

சண்முகசுந்தரம் மடியில் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இர்பானாவின் கண் கீபோர்டுக்குப் போனது. ஏனென்றால் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும்.

திருடவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. நூருல் அமீன் ஒற்றை விரலால்தான் டைப் அடிப்பான். அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் முணுமுணுப்பான். அவனுடைய பழைய பைக் நம்பர். தை மாசம் மாற்றிய அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாளில் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கேட்டு வாங்கினால்தான் மரியாதை என்று நினைப்பவள் அவள்.

"ஒரு நிமிஷம் சார், போன வைங்க" என்றாள்.

வைத்தார். அவள் அடித்தாள். சாம்பல் கட்டம் பச்சையானது. பேர், ஊர், தேதி போட்டாள். பிரிண்டர் ஒருமுறை இருமி ரசீதைத் துப்பியது. சுக்கிர ஓரை முடிய இன்னும் நேரம் இருந்தது.

சண்முகசுந்தரம் ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தாயி, நீ நல்லா இருக்கணும். நான் போயி கோகிலாகிட்ட சொல்றேன்."

கார் போனபிறகுதான் இர்பானாவுக்கு ஒன்று உறைத்தது. ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: 'பதிவு செய்தவர்: நூருல் அமீன். பகல் 1.20.'

மெஹர் நிஷா மருமகளை ஒரு பார்வை பார்த்தார். "நெய்ச்சோறு ஆறிடும், வா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

* * *

நூருல் அமீன் முதலில் வந்தான். வந்தவுடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இர்பானா கரண்டியோடு நின்றாள். வாயைத் திறப்பதற்குள் தெருக்கதவு படாரென்று திறந்தது.

கமருதீன் பாய். முகம் சிவந்திருந்தது.

"டேய், ஒன்னு இருவதுக்கு எங்கடா இருந்த?"

தட்டின் முன்னால் உட்கார்ந்த நூருல் அமீன் நிமிர்ந்தான். "பள்ளியிலதான் அத்தா."

"பள்ளியிலயா! ஒன்னு இருவதுக்கு இமாம் குத்பா பிரசங்கம் பண்ணிக்கினு இருந்தாரு. ஜும்மா நேரத்துல யாவாரத்த வுட்டுட்டு வாங்கன்னு குரான்ல இருக்கு. நீ இன்னாடான்னா ஆபீஸ் ரூம்ல உக்காந்து ரசீது அடிச்சிக்கினு இருந்திருக்க!"

"நானா?"

"பின்ன நானா? வழியில சண்முகசுந்தரம் என் கையப் புடிச்சிக்கினு அழுவறாரு, 'உங்க வூட்டு உபகாரத்த மறக்கவே மாட்டேன் பாய்'னு. ரசீதக் காட்டுனாரு. பாத்தேன். உம் பேரு. ஒன்னு இருவது."

"நான் பின் வரிசையில இருந்தேன் அத்தா, சத்தியமா!"

"எப்பப் பாத்தாலும் உனக்குப் பின் வரிசை! பாத்த சாட்சி யாராச்சும் இருக்கானா?"

"எனக்குப் பக்கத்துல அஷ்ரப் இருந்தான்."

"அவன் குத்பாவுலயே தூங்கறவன், அவன் சாட்சி சொல்லுவானா? நீதானேடா சொன்ன, மனுஷன் பொய் சொல்வான், கம்ப்யூட்டர் சொல்லாதுன்னு? யார் பேர் இருக்கோ அவன்தான் பண்ணான்னு? இப்ப நான் உன்ன நம்பறதா, அத நம்பறதா?"

தான் வெட்டிய குழியில் தானே விழுந்தவன் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்கு மெஹர் மஹாலில் எல்லோரும் பார்த்தார்கள். தொழுத பிள்ளையைத் தொழாதவன் என்று தகப்பனே சொல்கிறார். அவன் கண்ணில் நீர் முட்டியது.

இர்பானாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"மாமா, அவரு பள்ளியிலதான் இருந்தாரு. அந்த ரசீத நான் போட்டேன்."

கமருதீன் பாய் மருமகள் பக்கம் திரும்பினார்.

"அவரு பாஸ்வேர்ட நான் அடிச்சேன். தேதி காலியாத்தான் இருந்துச்சு, அவரு பிளாக்க எடுக்க மறந்துட்டாரு. நான் போடலன்னா கோகிலா அத்த பொண்ணு கல்யாணத்தப் பாத்திருக்க மாட்டாங்க. பண்ணது தப்புதான். ஆனா உங்க புள்ள தொழுவலன்னு மட்டும் சொல்லாதீங்க."

கமருதீன் பாய் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் இறங்கிப்போய், மகனைப் பார்க்க முடியாமல் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

நூருல் அமீன் மனைவியைத்தான் பார்த்தான். "தை மாசம் நடந்தத மறந்துட்டியா, இர்பானா?"

"மறக்கல. அதனாலதான் லாகின் கேட்டேன்."

"கேட்டா…"

"கேட்டா பாக்கலாம்னீங்க." கரண்டியை அவன் பக்கம் நீட்டினாள். "எம் பேர்ல ஒன்னு இருந்திருந்தா அந்த ரசீதுல எம் பேரு இருந்திருக்கும். திட்டும் எனக்கு விழுந்திருக்கும். இப்பப் பாருங்க, நான் பண்ண வேலைக்கு நீங்க நிக்கறீங்க. இதே மாதிரிதானே அன்னிக்கும் யாரோ பண்ணாங்க, மாமா கைகூப்பினாங்க?"

நூருல் அமீன் சோற்றைப் பிசைந்தான்.

"பாஸ்வேர்டு உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"தை மாசம் நீங்க மாத்தின அன்னிலேர்ந்து."

"இன்னாது!"

"கத்தாதடா" என்றார் மெஹர் நிஷா, அப்பளத்தை எடுத்து வைத்துக்கொண்டே. "எனக்குந்தான் தெரியும். உன் பழைய வண்டி நம்பருதானே? அடிக்கறப்ப பள்ளியில பாங்கு சொல்ற மாதிரி சொல்லிக்கினே அடிக்கற. தெருவுல போறவனுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"எனக்கு இந்தக் கண்றாவியெல்லாம் தெரியாது" என்று கமருதீன் பாய் கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டு, தால்சாவை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

முதலில் சிரித்தவன் நூருல் அமீன்தான். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "எல்லாருக்கும் தெரிஞ்சும் ஒருத்தரும் தொடலியா?"

"நீ குடுக்கலியே" என்றார் அம்மா. "குடுக்காதத எப்புடித் தொடுறது?"

அந்த ஒரு வார்த்தையில் அவன் சிரிப்பு நின்றது. தகப்பனைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், கரண்டியோடு நின்ற மனைவியைப் பார்த்தான். தை மாசத்திலிருந்து தான் ஒருவன்தான் இந்த வீட்டின் மானத்தைக் காவல் காப்பதாக அவனுக்கு நினைப்பு. அவனுக்குத் தெரியாமலேயே எல்லோரும் அதைக் காத்து வந்திருக்கிறார்கள்.

"கை கழுவிட்டு வர்றேன்" என்றான். "எல்லாரும் ஆபீஸ் ரூமுக்கு வாங்க."

* * *

ஆபீஸ் ரூமில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

"எல்லாத்தையும் எல்லாருக்கும் குடுக்க மாட்டேன். அப்படிக் குடுத்துத்தான் தை மாசம் பட்டோம்" என்று ஆரம்பித்தான் நூருல் அமீன்.

"யாரு கேட்டா எல்லாத்தையும்?" என்றாள் இர்பானா. "மாமி அடுப்படிய எனக்கு எப்புடிக் குடுத்தாங்க? வந்த மொத மாசம் அரிசி பருப்பு. ஒரு பெருநாள் பாத்துட்டு நெய் டப்பா. குங்குமப்பூ இன்னும் அவங்க பீரோல. நான் கோச்சிக்கினேனா?"

"குங்குமப்பூ அப்படியேதான் இருக்கும்" என்றார் மெஹர் நிஷா.

"இருக்கட்டும் மாமி. சமைக்கறதுக்கு வேண்டியது கையில இருந்தா போதும்."

நூருல் அமீன் மனைவியை ஒருமாதிரி வியப்பாகப் பார்த்தான். "அதேதான். அப்ப சொல்லு, உனக்கு நெய் டப்பா எது?"

"பிளாக் போடணும், எடுக்கணும். காலி தேதிக்கு ரசீது அடிக்கணும். யாராச்சும் கேட்டா தேதிய நகர்த்தணும்."

"நகர்த்தறது என்னைக் கேட்டுட்டுதான்."

"ஜும்மா நேரத்துல?"

யோசித்தான். "காலி தேதிக்குன்னா நகர்த்திக்க. இன்னொரு கல்யாணம் இருக்கற தேதின்னா அது திறக்காது. பதிவ அழிக்கறதும் வாடகைய மாத்தறதும் என்கிட்ட. அது குங்குமப்பூ."

"சரி."

"எனக்கு?" என்றார் மெஹர் நிஷா.

"உனக்கு எதுக்கும்மா?"

"முகூர்த்த நாளு எனக்குத்தானே தெரியும்? யாராச்சும் போன்ல கேட்டா ஒரு நாளைக்காச்சும் புடிச்சி வைக்கணும்ல."

ஒரு நாள் பிடித்து வைக்கலாம், மறுநாள் தானாகவே அவிழ்ந்துவிடும் என்று அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தான். யார் எதைத் தொட்டாலும் அவரவர் பேரும் நேரமும் பக்கத்திலேயே வந்து நிற்கும். அந்தப் பேரை அழிக்க அவனாலும் முடியாது.

"எனக்குப் பாக்க மட்டும் போதும்பா" என்றார் கமருதீன் பாய். இவ்வளவு அடக்கம் அவரிடம் இதுவரை யாரும் கண்டதில்லை.

"வெள்ளிக்கிழமையில எத்தினி பேரு வந்து திரும்பிப் போயிருப்பாங்கன்னு நெனச்சீங்களா?" என்றாள் இர்பானா. "கல்யாணம் பேசறவங்களுக்கு ஒன்னுலேர்ந்து ரெண்டு சுக்கிர ஓரை. அதே ஒன்னுலேர்ந்து ரெண்டு நமக்கு ஜும்மா. அவங்க நல்ல நேரம் பாத்து வர்றப்பதான் நாம சாவிய எடுத்துக்கினு போயிடறோம்."

"இத்தினி மாசமா இது யாருக்கும் உறைக்கல பாரு" என்று மெஹர் நிஷா கன்னத்தில் கை வைத்தார்.

கடைசியில் நூருல் அமீன் தன் பாஸ்வேர்டை மாற்றினான். எல்லோருக்கும் முதுகைக் காட்டி, உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தான். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

கமருதீன் பாய் எழுந்து, மகனின் தோளில் கையை வைத்தார். "அடுத்த வாரத்துலேர்ந்து எம் பக்கத்துல, முன் வரிசையில வந்து உக்காரு. அப்புறம் எவன் பேர்ல எது வந்தாலும் எனக்குச் சாட்சி வாணாம்." அது அவர் கேட்ட மன்னிப்பு. அவனுக்கும் புரிந்தது.

* * *

சாயந்திரம் இர்பானா தனியாக வந்து உட்கார்ந்தாள். 'இர்பானா' என்று தன் பேரை அடித்து உள்ளே போனபோது முதல் தங்கத் தோடு வாங்கிய நாளில் வந்த அதே சந்தோஷம் வந்தது. சும்மாவேனும் மாதம் மாதமாகத் தள்ளிப் பார்த்தாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. டிசம்பர் கடைசி ஞாயிறு.

சாம்பல் கட்டம்.

'பிளாக். சொந்த உபயோகம். நூருல் அமீன். புதன், காலை 5.50.'

காலை ஐந்து ஐம்பது! அவள் புருஷன் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு மறுபடி படுத்தால் எட்டு மணி வரை பீரங்கி வெடித்தாலும் எழமாட்டான். அந்த நேரத்தில் இந்த ரூமில் பேப்பர் படிக்க வந்து உட்காருபவர் இந்த வீட்டில் ஒருவர்தான். 'எனக்கு இந்தக் கண்றாவியெல்லாம் தெரியாது' என்று தால்சா ஊற்றிக்கொண்டவர்.

சொந்த உபயோகம் என்றால் என்ன? இந்த வீட்டில் கல்யாணத்துக்கு இருப்பது ஒரே பெண், நாத்தனார் தஸ்லீமா. அரியூர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. மேலே படிக்க வேண்டும், இரண்டு வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று போன மாசம் அழுதாள். 'சரிம்மா, எடுக்கல' என்று தலையில் கை வைத்துச் சொன்னதும் அதே மாமனார்தான்.

பிளாக்கை எடுக்கும் பட்டன் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் பளிச்சென்று இருந்தது. மத்தியானம் வாங்கிய அதிகாரம். அழுத்தினால் கட்டம் பச்சையாகும், பக்கத்தில் 'இர்பானா' என்று வந்து நிற்கும். மாமனார் பார்க்க மட்டும் கேட்டு வாங்கியது எதற்கென்று இப்போது விளங்கியது: இந்தக் கட்டத்தைக் காவல் காக்க.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தஸ்லீமா வந்தாள். பஸ் தூசியோடு, தோளில் பையோடு, முகமெல்லாம் சிரிப்பாக.

"இன்னா மச்சி, உங்களுக்குப் பவர் குடுத்துட்டாங்களாமே! அம்மா போன்ல சொன்னாங்க. அத வெச்சி இன்னா பண்ணலாம்?"

பின்கட்டிலிருந்து கமருதீன் பாய் இருமும் சத்தம் இந்தப் பக்கமாக நடந்து வந்தது.

இர்பானா பட்டனிலிருந்து கையை எடுத்தாள். திரையை மூடவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு தஸ்லீமா" என்றாள். "உன் பேரு இல்லாம உன் விஷயம் ஒன்னு இங்க இருக்கு. மொதல்ல நீ பாரு."